நான்கு நொடிப் பச்சை

என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால், திரையில் குதித்து வருகிறவற்றை உள்ளே துரத்துகிற வேலை என்பேன். பாப்-அப். நீங்கள் எதையோ படித்துக்கொண்டிருக்கும்போது நடுவில் வந்து நின்று, என்னைப் பார், பார்த்துவிட்டுச் 'சரி' என்று அமுக்கு என்று அடம்பிடிக்குமே, அந்தச் சின்னப் பெட்டி. அதைக் கொண்டுவந்து நிறுத்த எந்தக் கற்றுக்குட்டிக்கும் தெரியும். எப்போது வரவேண்டும், எத்தனை நொடி நிற்கவேண்டும், எப்போது வாயை மூடிக்கொண்டு போகவேண்டும் என்று தீர்மானிப்பதற்குத்தான் சம்பளம். உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். பதினோரு வருடமாக நான் ஊர் வாயை மூடிக்கொண்டிருந்தேன். வேலையில் சுத்தம் என்று எனக்குப் பெயர். அந்தப் பெயரோடுதான் தூத்துக்குடிக்கு வந்தேன்.

அந்த வருடம் கரையோரத்துப் படகுகள் எல்லாவற்றிலும் ஒரு கறுப்புப் பெட்டி பொருத்தியிருந்தார்கள். தீப்பெட்டிக் கட்டு அளவுதான் இருக்கும். படகில் பேசுவதையெல்லாம் அது கேட்டுக்கொண்டிருக்கும். ஆபத்து மாதிரி ஏதாவது விழுந்தால் அதை எழுத்தாக்கி, செயற்கைக்கோள் வழியாகக் கரையில் இருக்கிற கண்காணிப்பு அறைக்கு அனுப்பும். அலையில் தள்ளாடுகிறவன் ஈரக்கையோடு பட்டனைத் தேடிக்கொண்டிருக்கமாட்டான், ஆனால் வாயைத் திறந்து கத்துவான் என்பதுதான் யோசனை. நல்ல யோசனை. இன்றைக்கும் அதைக் குறை சொல்லமாட்டேன். மீனவர்கள் அதற்குக் 'காது' என்று பெயர் வைத்துவிட்டார்கள். காது கேட்டுக்கிட்டிருக்கு, பாத்துப் பேசுல என்பது அப்போது கடலில் ஒரு கேலி.

கண்காணிப்பு அறை மீன்பிடித் துறைமுகத்துக்கு எதிரே இரண்டாம் மாடியில் இருந்தது. கம்பெனி அங்கே திரையில் ஓடும் இணையச் செயலிக்குக் 'கரைத்துணை' என்று பெயரிட்டிருந்தது. ஒன்பது பேர் முறைபோட்டுத் திரை முன்னால் உட்கார்ந்தார்கள். அவர்களில் மூத்தவர் ஜெசிந்தா. முப்பத்தெட்டு வயது, பருமனான உடம்பு, கண்ணாடியை மூக்கின் நுனியில் போட்டுக்கொண்டு அதன் மேலாகப் பார்க்கிற பழக்கம். அவருடைய கணவர் சிலுவை, 'பனிமயம்' என்கிற விசைப்படகின் டிரைவர். போன முதல் நாளே ஜெசிந்தா எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"எண்ணு புள்ள. ஒரு மணி நேரம் எண்ணிக்கிட்டே இரு. அப்பறம் பேசுவோம்."

எண்ணினேன். இருநூற்றுப் பன்னிரண்டு. 'செத்தேன்டா' என்று ஒன்று வந்தது. சீட்டில் தோற்றவன். 'கொல்லாம விடமாட்டேன்' என்று ஒன்று வந்தது. குழம்பில் உப்பைக் கொட்டிய சமையல்காரனைப் பார்த்து யாரோ சொன்னது. 'அய்யோ போச்சே' என்று ஏழெட்டு. ஒன்றின்மேல் ஒன்று விழுந்து, கடைசியில் பெட்டிகளுக்குப் பின்னால் இருந்த கடல் வரைபடமே தெரியவில்லை. ஜெசிந்தாவின் ஆள்காட்டி விரல் தையல் மெஷின் ஊசிபோல 'சரி', 'சரி', 'சரி' என்று குத்திக்கொண்டே இருந்தது.

"இதுல நெஜம் எதுன்னு எப்படிக்கா கண்டுபிடிப்பீங்க?"

"கண்டுபிடிக்கவா? கை பாட்டுக்கு அமுக்கிக்கிட்டுப் போவுது. போன வாரம் ஒரு படகுல எஞ்சின் தீப்பிடிச்சிருக்கு. அதையும் சரின்னு அமுக்கிட்டேன். பக்கத்துப் படகுக்காரன் பாத்து, கயிறு கட்டி இழுத்துட்டு வந்தான். யாருக்கும் ஒண்ணும் ஆவல. ஆனா மூணு நாளு எனக்குச் சோறு எறங்கல." கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "புலி வருது கதைதான். நெசப் புலி வாரதுக்குள்ள இத ஒரு வழி பண்ணு."

அப்போது மணி பத்து. மஞ்சளாக ஒரு பெட்டி வந்தது. 'பனிமயம்: ஜெசி, காப்பி குடிச்சியா?'

மற்றதையெல்லாம் படிக்காமலே மூடிய விரல் இதன்மேல் அப்படியே நின்றது.

"இது ஆபத்தாக்கா?"

"காப்பின்னு எழுதிட்டு, காப்பாத்துன்னு நெனச்சிக்கிட்டிருக்கு இந்தச் செவிட்டுக் காது. இவுகளும் தெனம் பத்து மணிக்குக் கேக்காம இருக்கமாட்டாக." சிரிப்பை அடக்கிக்கொண்டு மெதுவாக 'சரி'யை அமுக்கினார்.

மூன்று வாரம் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து விதிகளை எழுதினேன். சிவப்பு, கையால் மூடும்வரை நிற்கும். மஞ்சள் எட்டு நொடி. பச்சை நான்கு நொடி. ஒரே படகிலிருந்து ஒரே பேச்சு பத்து நிமிடத்துக்குள் திரும்ப வந்தால் எல்லாம் சேர்ந்து ஒரே பெட்டி. ஒவ்வொருவன் வாயிலிருந்து வருவதையும் அப்படியே காட்டினால் கண் தடுமாறுகிறது என்பதால், காட்டுகிற வாசகத்தையும் ஒழுங்குபடுத்தினேன். 'தண்ணி ஏறுது', 'உள்ள தண்ணி', 'அடியில ஓட்டை' எல்லாம் 'நீர் புகுகிறது' என்று ஆயின. படகின் பெயர், இரண்டு சொல், ஒரு நிறம். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. உண்மையான வார்த்தை உள்ளே பதிவேட்டில், லாகில் இருக்கும், வேண்டுமானால் போய்ப் படித்துக்கொள்ளலாம். யாரும் படிக்கமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். அதுதான் என் தொழிலின் வெற்றி.

"அப்பறம் இந்த 'வாரேன்'," என்றார் ஜெசிந்தா ஒருநாள். "நூத்துல முப்பது இதுதான். கயிறு இழுக்கையில 'இந்தா வாரேன்', வலைய ஏத்தயில 'வாரேன் வாரேன்', கரைக்குத் திரும்பயில 'வாரேன்'. வாரேன்னு வாய்தெறந்து சொல்லுதவன் நல்லாத்தான இருக்கான்? அவனுக்கு எதுக்கு ஒரு மஞ்சப்பொட்டி?"

"அப்ப 'வாரேன்' கேட்டா பச்சை போட்டுடலாம். 'கரை திரும்புகிறது'ன்னு. அந்தப் படகோட பழைய பெட்டி ஏதாவது தொறந்து கெடந்தாலும் அதையும் தானே மூடிடட்டும். பாதி சுமை கொறஞ்சிடும்."

"செய்யி, செய்யி. புண்ணியமாப் போவும்."

சென்னையிலிருந்து ரகோத்தமன் சார், எங்கள் திட்டத் தலைவர், இன்னொன்றைச் சேர்க்கச் சொன்னார். பச்சை விழுந்த படகை எதற்குக் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும்? அரைமணி நேரம் காது தூங்கட்டும். செயற்கைக்கோள் நெரிசல் குறையும். அதையும் எழுதினேன்.

என் போனையே ஒரு சோதனைப் படகாக வைத்திருந்தேன். என் குரலை மட்டும் அது கேட்கும், விதி வேலை செய்கிறதா என்று காட்டும். அன்று சாயங்காலம் புது விதியை ஏற்றிவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு எழுந்தேன்.

"சரிக்கா, நான் வரேன்."

போன் துடித்தது. பச்சைப் பெட்டி. 'சோதனைப் படகு: கரை திரும்புகிறது.' நான்கு நொடி நின்று மறைந்தது.

"வேல செய்யுதுட்டி!" என்று ஜெசிந்தா கைதட்டினார். இருவரும் சிரித்தோம். நான் படியிறங்கி, பஸ் நிலையம் போய், திருச்சி பஸ்ஸில் ஏறினேன்.

மணிக்கு இருநூற்றுப் பன்னிரண்டு, பதினொன்று ஆயிற்று. ரகோத்தமன் சார் எனக்குப் பூங்கொத்து அனுப்பினார். பதினொரு பெட்டியைப் பார்க்க ஒன்பது பேர் எதற்கு என்று யாரோ கேட்டிருக்கவேண்டும். இரண்டு மாதத்தில் ஏழு பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஜெசிந்தாவும் இன்னொரு பெண்ணும் மிஞ்சினார்கள். ஜெசிந்தா போன் செய்தபோது அதைப்பற்றிக் கோபமாகப் பேசுவார் என்று நினைத்தேன். கொஞ்சம் பேசினார். பிறகு வேறு ஒன்று கேட்டார்.

"ஏ மங்கை, பத்து மணிக்கு ஒரு மஞ்சப்பொட்டி வருமே. அது இப்ப வாரதில்லியே?"

"அது வீட்டுப் பேச்சுக்கா. வடிகட்டிட்டேன்."

"ம்." என்றார். "நல்லதுதான். வேல நேரத்துல என்ன காப்பி."

நடந்ததை நான் பிறகு லாகில் படித்தும், அவர் சொல்லிக் கேட்டும் தெரிந்துகொண்டேன். நவம்பர் மாதம், வியாழக்கிழமை, முற்பகல். வானிலைக்காரர்கள் எதிர்பார்க்காத சூறைக்காற்று. விடியலில் போன படகுகள் அறுபத்தொன்று கடலில் இருந்தன. பழைய திரையாக இருந்திருந்தால் அன்றைக்குப் பெட்டிகள் மழைபோலக் கொட்டியிருக்கும். என் திரை அமைதியாக இருந்தது. திரும்பிக்கொண்டிருந்த படகுகள் ஒவ்வொன்றும் பச்சையாக மின்னி மறைந்தன.

பதினொன்று பதினேழுக்கு ஒரு சிவப்பு. 'பனிமயம்: நீர் புகுகிறது.'

பதினொன்று பதினெட்டுக்கு இன்னொரு சிவப்பு. 'ஜோதி: நீர் புகுகிறது.'

மீட்புக் கப்பல் ஒன்றுதான் இருந்தது. பனிமயம் பதினான்கு கடல்மைல் தூரத்தில், வடக்கே. ஜோதி முப்பது மைலில், தெற்கே. பனிமயத்தில் ஐந்து பேர், ஜோதியில் ஏழு பேர். ஜெசிந்தா வயர்லெஸ்ஸைக் கையில் எடுத்துவிட்டார். பக்கத்தில் இருக்கிற படகுக்கு முதலில் போகவேண்டும் என்பது விதி. அது தன் புருஷன் படகாக இருப்பதால் வாய் ஒரு கணம் தயங்கியது என்று என்னிடம் சொன்னார். அந்தத் தயக்கத்தில் திரை மாறியது. பதினொன்று பத்தொன்பது. பச்சை. 'பனிமயம்: கரை திரும்புகிறது.' நான்கு நொடி. பச்சை போனபோது பனிமயத்தின் சிவப்பையும் கூட்டிக்கொண்டு போயிற்று. பனிமயத்தின் காது அரைமணி நேரத் தூக்கத்துக்குப் போனது, ஜோதி மட்டும் நின்றது.

மாதாவுக்கு நன்றி சொல்லிவிட்டு, ஜெசிந்தா கப்பலைத் தெற்கே அனுப்பினார். ஜோதியில் இருந்த ஏழு பேரும் பிழைத்தார்கள். பனிமயம் வரவில்லை. ஐந்து நாள் தேடி ஒரு டீசல் கேனும் ஒரு செருப்பும் கிடைத்தன.

விசாரணைக் குழு தூத்துக்குடியிலேயே கூடியது. நானும் சாட்சி. நீளமான அறை, முன்வரிசையில் அதிகாரிகள், பின்வரிசையில் குடும்பத்தார். ஒருவர் லாகைச் சத்தமாக வாசித்தார்.

"பதினொன்று பதினேழு. பதிவான பேச்சு: 'உள்ள தண்ணி ஏறுது.' பதினொன்று பத்தொன்பது. பதிவான பேச்சு: 'ஜெசி, நான் வாரேன்.'"

பின்னால் நாற்காலி இழுபடும் சத்தம். ஜெசிந்தா எழுந்து வெளியே போனார். பாவம், தாங்கமுடியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். தலைவர் என்னிடம் திரும்பினார்.

"திரும்பி வருவதாகப் படகிலிருந்தே தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் செயலியும் அதைச் சரியாகவே காட்டியிருக்கிறது. அப்படித்தானே?"

"ஆமாம்," என்றேன். அப்போது நான் அதை மனதார நம்பினேன்.

எல்லோரும் போன பிறகு என் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட உட்கார்ந்திருந்தேன். தட்டச்சு செய்தவர் வேலாயுதம் என்று ஒரு குமாஸ்தா. தாளை அடுக்கி என்னிடம் கொடுத்தார், கம்ப்யூட்டரை அணைத்தார், டிபன் பாக்ஸைத் துணிப்பையில் போட்டுக்கொண்டார்.

"அப்ப நான் வாரேம்மா," என்று சொல்லிவிட்டுப் போனார்.

கதவு மூடியது. படியில் அவர் செருப்புச் சத்தம் கீழே கீழே போயிற்று. ஜன்னல் வழியே பார்த்தேன். சாலையைக் கடந்து, பஸ்ஸில் ஏறி, போய்விட்டார். வாரேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பேனாவைக் கீழே வைத்தேன். பிறந்ததிலிருந்து நானும் அதைத்தான் சொல்கிறேன். வீட்டைவிட்டுக் கிளம்பும்போது போறேன் என்று சொன்னால் அம்மா அடிப்பாள், போயிட்டு வரேன்னு சொல்லுடி என்பாள். நம் ஊரில் ஒருவன் வருகிறேன் என்றால் வருகிறான், அல்லது போகிறான். இது சின்னக் குழந்தைக்குத் தெரியும். எனக்குத் தெரியும். ஜெசிந்தாவுக்குத் தெரியும். தமிழ் தெரியாத எவனோ வெளியூரிலிருந்து எழுதிய விதி என்றால் அவன் தலையில் பழியைப் போட்டிருக்கலாம். இரண்டு தமிழச்சிகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினோம். அது வேலை செய்கிறது என்று கைதட்டிய அன்றே, வரேன் என்று சொல்லிவிட்டு நான் ஊருக்குப் போனேன்.

அன்றிரவு பதினைந்து மாத லாகையும் கிளறினேன். 'வாரேன்' சொல்லிப் பச்சை விழுந்து, அதன்பிறகு ஒரு வார்த்தைகூட வராத படகு எது என்று தேடினேன். பனிமயத்துக்கு முன்னால் இரண்டு இருந்தன. இரண்டும் சின்ன நாட்டுப் படகுகள், படகுக்கு இரண்டு ஆள். அவர்கள் கோப்பில் 'ஆபத்துச் செய்தி எதுவும் வரவில்லை' என்று எழுதி மூடியிருந்தார்கள்.

ரகோத்தமன் சாரைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போடுவது சுலபமாக இருந்திருக்கும்.

"மங்கை, பிரச்சினை ஒரே வார்த்தையிலதான் இருக்கு. ஒரு வார்த்தைக்கு ரெண்டு அர்த்தம். பிரிச்சுக் குடுத்துடுவோம். திரும்பி வந்தா 'வாரேன்'. ஆபத்துன்னா 'போறேன்'. காதுக்கும் குழப்பம் இருக்காது. நீ பாட்டுக்கு 'போறேன்'னு கேட்டா செவப்பு போட்டுடு."

"சார், கடல்ல நின்னுகிட்டு யாரும் அந்த வார்த்தையைச் சொல்லமாட்டாங்க."

"ட்ரெய்னிங் குடுப்போம். போஸ்டர் ஒட்டுவோம். சீட் பெல்ட் போடப் பழகல?"

"'வாரேன்' விதியவே எடுத்துடலாம் சார்."

"எடுத்தா மறுபடி மணிக்கு இருநூறு. மறுபடி ஒம்பது ஆள். இந்தச் சுத்தமான திரையைப் பாத்துத்தான் இன்னும் நாலு மாநிலம் வாங்க வருது. அதைப் பண்ணினதே நீதான்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஜோதில ஏழு பேர் பொழைச்சாங்க, அதையும் நெனச்சுக்கோ."

நினைத்தேன். நினைத்துக்கொண்டே அந்த விதியை எழுதினேன். வேலையை உதறிவிட்டு வந்தேன் என்று எழுத ஆசைதான். உதறவில்லை. எனக்குப் பயம். விசாரணைக் குழுவுக்கு மட்டும் எல்லாவற்றையும் சொல்லி, என் பெயர் போட்டு ஒரு கடிதம் எழுதினேன். மூன்று மாதம் கழித்து இரண்டு வரியில் பதில் வந்தது. சொல் திருத்தப்பட்டுவிட்டது, பயிற்சி நடைபெறுகிறது, குறை நிவர்த்தி செய்யப்பட்டதாகக் கருதப்படுகிறது.

மீன்பிடித் தடைக்காலம் முடிய நான்கு நாள் இருக்கும்போது மறுபடி தூத்துக்குடி போனேன். புது விதியை ஏற்றும் வேலை. துறைமுகச் சுவரெல்லாம் போஸ்டர். ஒரு மீனவன் சிரித்துக்கொண்டு கையைத் தூக்கியிருந்தான். 'திரும்பினால் வாரேன்! ஆபத்தென்றால் போறேன்!' யாரோ 'போறேன்' மீது தார் பூசி அழித்திருந்தார்கள். பக்கத்துப் போஸ்டரிலும் அழித்திருந்தார்கள். சுவர் முழுக்க அந்த ஒரு சொல்லை மட்டும் தேடித் தேடி அழித்திருந்தார்கள்.

வேலையை முடித்துக்கொண்டு திரேஸ்புரத்தில் ஜெசிந்தாவின் வீட்டுக்குப் போனேன். அவர் வேலைக்குப் போவதை நிறுத்தி ஆறு மாதம் ஆகியிருந்தது. பாதி உடம்பாகியிருந்தார். கண்ணாடியை இப்போது கண்ணோடு ஒட்டிப் போட்டிருந்தார். உள்ளறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"மாமியார் தூங்குதாக. மெதுவாப் பேசு."

வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். "அக்கா, அந்த 'வாரேன்'..."

"தெரியும்."

"இல்லக்கா, அவர் அன்னைக்கு—"

"எனக்குத் தெரியும் மங்கை. அவங்க லாக வாசிச்சாங்கல்லா, அப்பமே தெரியும்." தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "படகு திரும்புச்சுன்னா அஞ்சு பேருல்லா திரும்புதாக? 'வாரோம்'னு சொல்லுவாக. பதினேழு வருசமா கரை தெரிஞ்சதும் 'வாரோம் ஜெசி'ம்பாக. 'நான் வாரேன்'னு வாசல்ல நின்னு சொல்லுதது ஒரு ஆளு. செருப்ப மாட்டிக்கிட்டு, சட்டப்பைல வெத்தலய வச்சிக்கிட்டு, தெனம் காலையில சொல்லுதது. அன்னைக்கும் அதத்தான் சொல்லிருக்காக. என்கிட்ட சொல்லிட்டுப் போயிருக்காக."

என்னால் அவர் முகத்தைப் பார்க்கமுடியவில்லை.

"அந்த வார்த்தைய மட்டும் நான் கண்ணால பாத்திருந்தா," என்றார். "பொட்டில 'கரை திரும்புகிறது'ன்னு இருந்துச்சி. அவுக சொன்னது இல்ல அது. நீ எழுதுனது. அவுக சொன்ன மாதிரியே 'ஜெசி, நான் வாரேன்'னு போட்டிருந்தேன்னா, ஒத்த நொடி போதும் எனக்கு. கப்பல் வடக்க போயிருக்கும்."

"அக்கா..."

"ஒன்ன மட்டும் சொல்லல. அந்த வார்த்தைக்கு எதுக்குப் பொட்டின்னு கேட்டவ நாந்தான. பச்ச வந்திச்சி, நம்புனேன். பச்சன்னா கண்ண மூடிக்கிட்டு நம்பலாம்னு நெனச்சேன். எனக்கும் அந்தச் செவப்பு போனாப் போதும்னு இருந்துச்சி." உள்ளறைக் கதவை ஒருமுறை பார்த்தார். "அவங்ககிட்ட நான் சொல்லல. வாரேன்னு சொல்லிருக்கான்லா எம்மவன்னு இன்னும் கதவத் தாழ்போடாமத்தான் படுக்காக."

தெருவில் ஐஸ்கட்டி ஏற்றிய வண்டி ஒன்று போயிற்று. திரும்ப எல்லோரும் கடலுக்குப் போக ஆயத்தமாகிக்கொண்டிருந்தார்கள். புது விதியைப்பற்றிச் சொன்னேன். போஸ்டரை அவர் ஏற்கெனவே பார்த்திருந்தார்.

"எந்த ஆம்பள பொண்டாட்டி கேக்கான்னு தெரிஞ்சிக்கிட்டே அந்த வார்த்தையச் சொல்லுவான்?" என்றார். "முங்கும்போதும் வாரேன்னுதான் சொல்லுவான். அப்பம்தான் கண்டிப்பாச் சொல்லுவான். நீ அத எடுத்துரு மங்கை. ஒண்ணும் வடிகட்டாத. நானூறு பொட்டி வந்தாலும் வரட்டும். நான் சம்பளம் வாங்காம வந்து உக்காந்து ஒவ்வொண்ணா வாசிக்கேன்."

"என்னால முடியாதுக்கா. நான் சொல்லிப் பாத்துட்டேன்."

"இன்னொருக்காச் சொல்லு."

"கேக்கமாட்டாங்க. பழகிடுவாங்கன்னு சொல்றாங்க. யாராவது சொல்ல ஆரம்பிச்சா மத்தவங்களும் சொல்லிடுவாங்களாம்."

அதைச் சொல்லும்போது எனக்கே அதில் ஒரு நப்பாசை இருந்தது. மனிதர்கள் எதற்குத்தான் பழகவில்லை. உயிர் என்று வரும்போது ஒரு சொல் என்ன பெரிய சொல்? அந்த நம்பிக்கை ஒன்றுதான் என்னை இரவில் தூங்கவிட்டது.

வெயில் சாயத் தொடங்கியது. பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். வாசற்படிவரை வந்து நின்றேன். இத்தனை வருடம் தானாக வாயில் வந்த சொல் அன்று வரவில்லை. அந்த வீட்டு வாசலில் நின்று, அந்தப் பெண்ணிடம், எப்படி நான் அதைச் சொல்வேன்? பழகவேண்டும் என்றால் எழுதியவள் முதலில் பழகட்டும் என்றும் தோன்றியது.

"அப்ப நான்... போறேன்க்கா."

ஜெசிந்தா துள்ளி எழுந்தார். நாற்காலி சரிந்தது. இரண்டே எட்டில் வந்து என் வாயைப் பொத்தினார்.

"ஏட்டி! வாசப்படில நின்னுக்கிட்டு என்ன வார்த்த சொல்லுத? வாயக் கழுவு! வாரேன்னு சொல்லு!"

பொத்திய கை அப்படியே நின்றது. அவர் கண்கள் பெரிதாயின. தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே அப்போதுதான் உறைத்தது. அந்தச் சொல்லால் புருஷனைப் பறிகொடுத்தவர். சற்றுமுன்தான் அந்த விதியை எடுத்துவிடச் சொல்லிக் கெஞ்சியவர். அவருக்கே நான் போறேன் என்று சொல்வதைத் தாங்கமுடியவில்லை. நடுக்கடலில், காதோரம் தண்ணீர் ஏறும்போது, ஒருவன் தன் பெண்டாட்டியிடம் சொல்லப்போகிறானா? என்னிடம் மிச்சமிருந்த நப்பாசையும் அந்த இடத்திலேயே செத்தது.

கையை மெல்ல எடுத்தார்.

"சொல்லு மங்கை," என்றார். "சொல்லிட்டுப் போ."

என் கையில் போன் துடித்துக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தேன். சற்றுமுன் நான் சொன்ன சொல்லுக்குச் சிவப்புப் பெட்டி வந்து நின்றிருந்தது. 'சோதனைப் படகு: ஆபத்து.' கையால் மூடும்வரை நிற்கும். புது விதி நன்றாக வேலை செய்தது.

"வரேன்க்கா," என்றேன்.

சிவப்பு மறைந்தது. அந்த இடத்தில் பச்சை வந்தது. நான்கு நொடி நின்றது. பிறகு திரை சுத்தமாக இருந்தது.